விரல் நுனியில் ஓர் அளவுகோல்

இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் அறிவது எவ்வாறு? அறிந்தபின் செய்வது யாது?

அளவு பாராது தொழில் செய்வோர் நமது அங்கத்தினருள் எவரும் இலர். நெசவாளர் நூல் வாங்குங்கால் அது நாற்பதாம் நம்பரா, அறுபதாம் நம்பரா என்று பார்த்தே வாங்குகின்றார். பாவின் நீளத்தை அளந்த பிறகே தறியில் ஏற்றுகின்றார். பயிரிடுவோர் ஏரியில் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்று கண்ட பிறகே நாற்று விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கின்றார். சங்கத்தின் தராசு சிறிது பிசகினாலும் மகாசபையில் கேள்வி எழுகின்றது. இத்தனைக்கும் அளவு பார்க்கும் நாம், நமது தேகத்தில் ஓடும் இரத்தம் எவ்வளவு பிராணவாயுவைச் சுமந்து செல்கின்றது என்பதை மட்டும் நெடுங்காலம் அளவாதிருந்தோம். அளக்கும் கருவி பெரும்பாலும் ஆஸ்பத்திரியைத் தாண்டி வெளியே வரவில்லை என்பதே அதற்குக் காரணம்.

2021ஆம் ஆண்டுக் கோடையில் அந்நிலை மாறிற்று. கொரோனா நோயின் இரண்டாவது அலை வீசிய அந்நாட்களில், விரலில் மாட்டும் அச்சிறு கருவி பட்டிதொட்டிகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. "இன்று எத்தனை காட்டுகிறது?" என்பதே அண்டை அயலார் நலம் விசாரிக்கும் வார்த்தையாயிற்று. அலை ஓய்ந்தது; கருவியும் பல இல்லங்களில் அலமாரியின் மூலைக்குப் போய்விட்டது. ஆனால் அதன் பயன் ஓய்ந்துவிடவில்லை. அந்தக் கருவி கூறும் எண்ணின் பொருளை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

செங்கற்பட்டின் ஓர் இரவு

2021ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் தேதி இரவை நமது மாவட்டத்தார் எளிதில் மறக்கமாட்டார். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அன்றிரவு சில மணி நேரத்திற்குள் 13 நோயாளிகள் உயிர் துறந்தனர். குழாய்களில் வந்த பிராணவாயுவின் அழுத்தம் குறைந்ததே காரணம் என்று உறவினர் கூறினர். தட்டுப்பாடு எதுவும் நேரவில்லை என்று அதிகாரிகள் மறுத்தனர். அவ்வழக்கைத் தீர்ப்பது நமது நோக்கமன்று. ஒரு படிப்பினையை மட்டும் எடுத்துக் கொள்வோம். பிராணவாயு என்பது காற்றோடு காற்றாகக் கேளாமலே கிடைத்து வருவதால் நாம் அதைப் பொருளாகவே மதிப்பதில்லை. அது குறையுங்கால் மணிக்கணக்கில் அல்ல, நிமிஷக்கணக்கில் உயிர் ஊசலாடுகின்றது.

செய்யூர் வட்டத்தார்க்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. உப்பளங்களையும் கழிமுகத்தையும் ஒட்டிய நமது கிராமங்களிலிருந்து மதுராந்தகம் சேர்ந்து, அங்கிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் வழியின் நீளத்தை, நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் சென்றவர் அறிவர். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர் மூச்சுத் திணறிய பிறகு புறப்பட்டாலும் போய்ச் சேரலாம். தூரத்தில் இருப்பவர் திணறுவதற்கு முன்பே புறப்பட வேண்டும். திணறுவதற்கு முன்பே எச்சரிப்பதுதான் இக்கருவி. ஆகவே பட்டணத்தாரைவிட நமக்கே அது அதிகம் வேண்டுவதாகும்.

நூறு வண்டிகளின் கணக்கு

கருவியின் திரையில் இரண்டு எண்கள் தோன்றும். ஒன்று, நிமிஷத்திற்கு நாடி எத்தனை முறை துடிக்கின்றது என்பது. மற்றொன்று, சதவிகிதக் குறியுடன் இருப்பது. அதுவே பிராணவாயுவின் அளவு. அது எதன் சதவிகிதம் என்பதில்தான் பலர் மயங்குகின்றனர்.

அறுவடைக் களத்திலிருந்து சங்கத்தின் கிடங்கிற்கு நூறு வண்டிகள் நெல் ஏற்றிச் செல்வதாக வைத்துக் கொள்வோம். 98 வண்டிகளில் பாரம் உண்டு, இரண்டு வண்டிகள் வெறுமையாகப் போகின்றன என்றால் அளவு 98. நுரையீரலே களம். இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளே வண்டி. பிராணவாயுவே பாரம். மூளை, இருதயம், தசை ஆகியவையே கிடங்குகள். நூறு வண்டியில் எத்தனை வண்டி பாரத்தோடு செல்கின்றது என்பதைத்தான் அந்த எண் கூறுகின்றது.

பாரம் ஏற்றிய வண்டியை விரலுக்கு வெளியிலிருந்தே கருவி கண்டறிவது எவ்வாறு? நமது சாயக்காரர் இதை எளிதில் விளங்கிக் கொள்வர். நூலின் நிறத்தைக் கண்டே சாயம் எவ்வளவு ஏறியிருக்கின்றது என்று சொல்பவர் அல்லவா அவர்? பிராணவாயு ஏறிய இரத்தம் பளிச்சென்ற செந்நிறம். ஏறாத இரத்தம் கருஞ்சிவப்பு. கருவி ஒரு சிவப்பு ஒளியையும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்துகின்றது. இவ்விரண்டையும் இருவகை இரத்தமும் வெவ்வேறு அளவில் விழுங்குகின்றன. மறுபுறம் வந்து சேரும் ஒளியை ஒப்பிட்டுக் கருவி கணக்கிட்டு விடுகின்றது.

இம்முறையைக் கண்டவர் டகுவோ அவோயாகி என்னும் ஜப்பானியப் பொறியாளர். நிஹோன் கோடென் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1970களின் தொடக்கத்தில், இரத்தத்தில் ஒரு சாயத்தைக் கலந்து இருதயத்தின் வேலையை ஒளியால் அளக்க முயன்று கொண்டிருந்தார். ஒவ்வொரு நாடித் துடிப்பும் அளவைக் கலைத்துக் கொண்டேயிருந்தது. அத்தொல்லையை நீக்க முற்பட்டபோதுதான் உண்மை புலனாயிற்று. துடிப்பது தமனி இரத்தம் மட்டுமே. தோலும் எலும்பும் துடிப்பதில்லை. ஆகவே துடிப்போடு சேர்ந்து மாறும் ஒளியை மட்டும் எடுத்துக் கொண்டால் தமனி இரத்தத்தின் அளவு தனியே கிடைத்துவிடும்! இடையூறாக வந்ததே வழியாக அமைந்தது. அவோயாகி 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18ஆம் தேதி காலமானார். உலகமெங்கும் அவருடைய கருவியைத் தேடி ஜனங்கள் அலைந்த மாதம் அது.

எண்கள் கூறுவது என்ன?

கடல் மட்டத்தில் வாழும் ஆரோக்கியமான ஒருவருக்கு இவ்வெண் 95க்கும் 100க்கும் இடையே இருக்கும். உதகமண்டலம் போன்ற உயர்ந்த மலைகளில் காற்றின் அழுத்தம் குறைவாதலால் அங்கு எண் சற்றுக் குறையலாம். கடற்கரையோரம் வாழும் நமக்கு அந்தச் சமாதானம் இல்லை.

94 அல்லது அதற்குக் கீழே, நன்றாக ஓய்ந்து உட்கார்ந்து மீண்டும் பார்த்தும் அவ்வாறே காட்டினால், அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரலில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து வெளியிட்ட கொரோனா வழிகாட்டியில், 90 முதல் 93 வரை இருப்பின் நடுத்தரக் கடுமை என்றும், 90க்குக் கீழே போனால் மிகக் கடுமை என்றும் வகுக்கப்பட்டது. முன்னவர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியவர். பின்னவர் தீவிரச் சிகிச்சை வேண்டுபவர். நிமோனியா முதலிய பிற நுரையீரல் நோய்களிலும் 90 என்னும் வரம்பு ஏறக்குறைய இதே பொருளை உடையது.

"98க்கும் 90க்கும் எட்டுத்தானே வேற்றுமை? பரீட்சையில் 90 வாங்கினால் முதல் வகுப்பாயிற்றே!" என்று கேட்பார் உண்டு. இங்கேதான் பெரும்பிழை நேர்கின்றது. சேமிப்பிலிருந்து எடுத்து உண்ணும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வருமானம் நின்ற பின்பும் சில மாதம் அடுப்பு வழக்கம்போல் எரியும். அயலார்க்கு ஒன்றும் தெரியாது. சேமிப்பு தீர்ந்த அன்று திடீரென்று எல்லாம் சரியும். நுரையீரலும் அத்தகையதே. அது பெருமளவு பழுதுபட்ட பின்பும் ஹீமோகுளோபின் தன்னால் இயன்றவரை பாரம் ஏற்றிக் கொள்வதால் எண் மெதுவாகவே இறங்குகின்றது. 90ஐ அடையும்போது சேமிப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதன்பின் நோய் சிறிது முற்றினாலும் எண் செங்குத்தாகச் சரியும். 90 என்பது சரிவின் விளிம்பு.

இன்னொரு விந்தையையும் இங்கே கூற வேண்டும். மூச்சு வாங்க வேண்டும் என்ற உணர்ச்சியை நமக்கு உண்டாக்குவது பெரும்பாலும் பிராணவாயுவின் குறைவன்று. இரத்தத்தில் கரியமிலவாயு மிகுவதே. கரியமிலவாயு நன்றாக வெளியேறிக் கொண்டிருக்கும் சில நோயாளிகள், பிராணவாயு வெகுவாகக் குறைந்தும், திணறல் இன்றிப் பேசிச் சிரித்துக் கொண்டிருப்பர். கொரோனா காலத்தில் வைத்தியர்களையே திகைக்கச் செய்தவர்கள் இத்தகையோர். "எனக்கு ஒன்றுமில்லை" என்று நோயாளி சொல்வதை மட்டும் கேட்டு அவரை வீட்டில் வைத்திருப்பது அபாயம். எண் குறைந்திருக்குமாயின், நோயாளியின் வார்த்தையைவிட எண்ணையே நம்புக.

எண் ஏமாற்றும் இடங்கள்

ஆயினும் எண்ணும் சில சமயங்களில் ஏமாற்றும். அதனையும் அறிந்து கொள்ளுதல் அவசியம்.

முதலாவது, இரத்தசோகை. ஊரில் நூறு வண்டி இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பதுதான் உண்டு. அந்த ஐம்பதும் பாரம் ஏற்றிச் செல்கின்றன என்றால் கருவி 100 என்றே காட்டும். கிடங்கிற்கு வந்த நெல்லோ பாதிதான். நமது தாய்மாருள் பலர் சோகையால் வெளுத்திருக்க, "98 காட்டுகிறது, குறையில்லை" என்று கூறுவது பெரும் தவறு. சோகையை இரத்தப் பரிசோதனையால்தான் அறியலாம்.

இரண்டாவது, நச்சுப் புகை. கிணற்றுக்குள் எண்ணெய் எஞ்சினை இறக்கி ஓட்டுவோரும், மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உறங்குவோரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சைச் சுவாசிக்கக் கூடும். அது பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக் கொண்டு ஹீமோகுளோபினோடு ஒட்டிக் கொள்கின்றது. வண்டியில் நெல்லுக்குப் பதிலாக மண் ஏற்றியிருப்பது போன்றது இது. வாயிலில் நிற்கும் கணக்கர் மூட்டையைக் கண்டு பாரம் உண்டென்றே எழுதிக் கொள்வார். கருவியும் நல்ல எண்ணையே காட்டும். நோயாளி மயங்கிச் சாய்ந்து கொண்டிருப்பார்.

மூன்றாவது, விரலின் நிலை. சாயத் தொட்டியில் கைவிட்டு வேலை செய்யும் நமது அங்கத்தினர்க்கு நகங்களில் நீலமும் கறுப்பும் ஏறியிருக்கும். நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் அவ்வாறே. ஒளி தடைப்பட்டு எண் தடுமாறும். சாயம் படாத விரலையோ, இயலாவிடில் கால்விரலையோ பயன்படுத்தலாம். கை குளிர்ந்திருந்தாலும் நடுங்கினாலும் எண் சரியாக வராது.

நான்காவது, தோலின் நிறம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியர்கள் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, தமனி இரத்தத்தை நேரே எடுத்துச் சோதித்ததில், உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தவர் வெள்ளையருள் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேர். கறுப்பினத்தாருள் ஏறக்குறைய 12 பேர். கரிய தோலில் கருவி உள்ளதைவிட உயர்வாகக் காட்டக்கூடும் என்பது இதனால் வெளிப்பட்டது. வெயிலில் உழைத்துக் கறுத்த நமக்கு இது நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

ஆகவே எண் நன்றாயிருப்பினும் மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, அறிவு மயங்கினாலோ, எண்ணைப் பார்த்துக் காலங்கடத்தாது புறப்படுக. குறைந்த எண் உண்மையாயிருக்க இடமுண்டு என்று கொள்க. நிறைந்த எண் பொய்யாயிருக்கவும் இடமுண்டு என்று கொள்க.

அளக்கும் முறை

ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கையைத் தேய்த்துச் சூடேற்றி, நடுவிரலிலோ சுட்டுவிரலிலோ கருவியை மாட்டி, கையை அசையாமல் மார்புக்கு நேராக வைத்துக் கொள்ள வேண்டும். மாட்டியவுடன் தோன்றும் எண்ணை எழுதக் கூடாது. ஒரு நிமிஷம் பொறுத்து, எண் நிலைத்த பின்பே எழுத வேண்டும். காய்ச்சலும் இருமலும் உள்ளவர் காலை, பகல், இரவு என மூன்று வேளையும் பார்த்து நோட்டில் தேதியிட்டுக் குறித்து வருதல் நலம். கருவி இரண்டு மூன்று புள்ளிகள் முன்பின் பிசகுவது இயல்பு. ஆதலின் ஒரு தனி எண்ணைவிட, நேற்றும் இன்றும் அது எத்திசையில் செல்கின்றது என்பதே முக்கியம். 98, 96, 94 என்று இறங்கி வருமாயின் 90 வரட்டும் என்று காத்திருக்கலாகாது. நலமாயிருக்கும் காலத்திலேயே ஒவ்வொருவரும் தம் எண்ணை அறிந்து வைத்திருப்பது பிற்காலத்தில் ஒப்பிட உதவும்.

கருவி இல்லாத வீட்டாரும் அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு கடிகாரம் போதும். நோயாளி அறியாதவாறு அவர் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுக. வளர்ந்தவர்க்கு 24 அல்லது அதற்கு மேற்பட்டால் கவலைக்குரியது. 30ஐத் தாண்டினால் அபாயம். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு 50உம், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40உம் எட்டினால் நிமோனியா என ஐயுற வேண்டும். மூச்சு இழுக்குங்கால் குழந்தையின் விலாவின் கீழ்ப்புறம் உள்வாங்கினாலோ, அது பால் குடிக்க மறுத்தாலோ, ஒரு கணமும் தாமதிக்கலாகாது. பெரியோர்க்கென்று செய்த கருவி சிறு விரலில் சரியாக நிற்காதாதலால், குழந்தைகளுக்கு மூச்சை எண்ணுவதே மேலானது.

காசநோயாளருக்கும் இதே எண்

இக்கருவி கொரோனாவோடு முடிந்துவிட்டது என்று எண்ணுவோர்க்கு நமது மாநிலத்திலேயே மறுமொழி உண்டு. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" தொடங்கப் பெற்றது. காசநோய்க்கு ஆறு மாத மருந்து இலவசமாகக் கிடைத்தும் சிலர் இறந்து போகின்றனர். அவருள் பெரும்பாலோர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறக்கின்றனர். ஆகவே நோய் கண்டறிந்த உடனேயே மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. தேகம் மிகவும் மெலிந்துள்ளதா? பிராணவாயு 94க்குக் கீழே உள்ளதா, அல்லது மூச்சு 24ஐத் தாண்டியுள்ளதா? பிறர் தாங்காமல் எழுந்து நிற்க முடியுமா? இவற்றுள் ஒன்று பிழையானாலும் நோயாளி வீட்டிற்கு அனுப்பப்படாமல், மேலும் பரிசோதித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகின்றார். எடை பார்க்கும் மேடை ஒன்று, விரல் கருவி ஒன்று, கவனிக்கும் கண் ஒன்று: இவ்வளவே அத்திட்டத்தின் ஆயுதங்கள். இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் அங்கத்தினர் சளிப் பரிசோதனைக்குச் செல்லுங்கால் இவ்வெண்ணையும் கேட்டறிந்து கொள்க.

பஞ்சுத் தூசியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தோரும், நெடுநாள் புகைபிடித்தோரும், விறகடுப்பின் புகையில் வாழ்நாளைக் கழித்த தாய்மாரும் நாட்பட்ட நுரையீரல் நோய்க்கு ஆளாகலாம். அவர்களுள் சிலர்க்கு வழக்கமான எண்ணே 90ஐ ஒட்டியிருக்கும். அவர் வைத்தியரிடம் தமக்குரிய எண் எது என்று கேட்டு எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். அத்தகையோர்க்குத் தாமாகவே சிலிண்டர் வாங்கிப் பிராணவாயுவை மிகுதியாகக் கொடுப்பதும் தீங்காகும்.

எண் குறைந்தால் செய்ய வேண்டுவது

முதலில் வேறொரு விரலில் மறுபடி பார்க்க. அப்போதும் குறைவாயின் 108 எண்ணுக்குத் தகவல் தருக. வாகனம் வரும் வரையில் நோயாளியை நிமிர்ந்து உட்கார வைக்கலாம். கொரோனா போன்ற நோயில் குப்புறப் படுக்க வைப்பதும் நுரையீரலின் பின்பகுதிக்குக் காற்றுச் செல்ல உதவும். உணவு உண்ட உடனேயும், கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. இவையெல்லாம் வழிப்பயணத்திற்குத் துணையே அன்றிச் சிகிச்சை அல்ல. எண் இரண்டு புள்ளி ஏறிற்று என்று பயணத்தை நிறுத்திவிடக் கூடாது.

சங்கம் செய்யக் கூடியது

ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே கருவி வாங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்காகத்தானே கூட்டுறவு? 2021ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி முதல் இக்கருவிக்கு வியாபாரிகள் வைக்கும் இலாபம் 70 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது என்று மத்திய அரசு வரம்பு விதித்தது. அதன்பின் விலை இறங்கிற்று. தெருவுக்கு ஒன்றாகச் சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்து நல்ல கருவிகளை வாங்கி வைக்கலாம். தறித் தெருவில் ஓர் அங்கத்தினரும், பயிரிடுவோர் பகுதியில் ஓர் அங்கத்தினரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாள் பழகிவந்து அதனைப் பொறுப்பேற்கலாம். கருவியோடு ஒரு நோட்டும், ஒரு கடிகாரமும், இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய வாகனக்காரரின் எண்ணும் இருக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒரு முறை மின்கலத்தை மாற்றி, நலமுள்ள ஒருவர் விரலில் மாட்டிச் சரிபார்க்க வேண்டும். கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்வது போன்றதே இதுவும்.

வெள்ளம் வருமுன் கரையைப் பலப்படுத்துவது பயிரிடுவோர்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. பாவில் ஓர் இழை அறுந்த உடனே தறியை நிறுத்தி முடிச்சிடுவது நெசவாளர்க்கும் நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. அதே விழிப்பைச் சொந்த வீட்டு நோயாளியிடத்தும் காட்டுவோமாக. விரல் நுனியில் தோன்றும் அந்த எண் நமக்குத் தருவது சில மணி நேர அவகாசம். தூரத்துக் கிராமத்தில் வாழும் நமக்கு அந்தச் சில மணியே உயிர். அதைக் காத்திருப்பதில் செலவிடாது, புறப்படுவதில் செலவிடுவோமாக!